கர்ப்பமா இருக்கும்போது இன்ஹேலர் எடுக்கலாமா? வாசகர் கேள்விகளுக்கு நுரையீரல் டாக்டர் பதில்

போன இதழ்ல வீசிங் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கர்ப்பிணிகள் அனுப்பினது, இல்லைன்னா அவங்க வீட்டுக்காரங்க அனுப்பினது. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே. பேர் எதுவும் போடலை, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு சின்ன வயசுலேர்ந்தே வீசிங். ஃபோராகார்ட் 200 இன்ஹேலர் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, அவசரத்துக்கு ஆஸ்தாலின், இப்படியே ரெண்டு வருஷமா எந்த தொந்தரவும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. இப்ப 11 வாரம். ஸ்கேன் பார்த்துட்டு வந்த அன்னிக்கே மாமியார் "அது ஸ்டீராய்டு, புள்ளைக்கு ஆகாது, விட்டுரு"ன்னு சொன்னாங்க, எனக்கும் பயமா இருந்துச்சு, ரெண்டையும் நிறுத்திட்டேன். இப்ப தினமும் விடியக்காலைல இருமி எழுந்து சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கறேன். பக்கத்து கிளினிக்ல டெரிஃபிலின், டெக்ஸா ஊசி போட்டு அனுப்பறாங்க, ரெண்டு நாள் நல்லா இருக்கு, திரும்ப வந்துடுது. இன்ஹேலர் எடுத்தா குழந்தைக்கு உதடு பிளவு வரும்னு யூட்யூப்ல வேற பார்த்தேன். இன்னும் ஆறேழு மாசம் தானே, பல்லைக் கடிச்சுட்டு இருந்துடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம்மா. இன்னிக்கு ராத்திரியே ஃபோராகார்ட்டை பழைய அளவுல திரும்ப ஆரம்பிச்சுடுங்க, ஆஸ்தாலினை கைக்கு எட்டற இடத்துல வைங்க, இந்த வாரத்துக்குள்ள உங்க நுரையீரல் டாக்டரையோ மகப்பேறு டாக்டரையோ நேர்ல பாருங்க. காரணத்தை விளக்கமா சொல்றேன், உங்க மாமியாரையும் பக்கத்துல உக்கார வெச்சு படிங்க, அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லலை, ஸ்டீராய்டுங்கற பேரை கேட்டா எல்லாருக்குமே வர்ற பயம்தான் அது.

நம்ம ரத்தக்குழாய்ல ஆக்சிஜனோட அழுத்தம் (மில்லிமீட்டர் மெர்க்குரி கணக்குல) சாதாரணமா 90லேர்ந்து 100 வரைக்கும் இருக்கும். தொப்புள்கொடி வழியா குழந்தைக்கு போய் சேர்ற ரத்தத்துல அது சுமார் 30தான். அந்த 30ஐ வெச்சே குழந்தை நல்லா வளரும், அதுக்கு ஏத்த மாதிரியான ஹீமோகுளோபின் அதுக்கு இருக்கு. ஆனா கையிருப்பு ரொம்ப கம்மி. உங்களுக்கு ராத்திரி மூச்சுக்குழாய் சுருங்கி ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கினா நீங்க இருமி எழுந்து உக்காந்து சமாளிச்சுடுவீங்க, உள்ள இருக்கறதுக்கு எழுந்து உக்கார வழி இல்லை. கட்டுப்பாட்டுல இல்லாத ஆஸ்துமாவோட இருக்கற அம்மாக்களுக்கு குறை எடையில குழந்தை பிறக்கறது, நாள் ஆகறதுக்கு முன்னாடியே பிரசவம் ஆகறது, பிபி ஏறி பிரீ-எக்ளாம்ப்சியா வர்றது, இதெல்லாம் மத்தவங்களைவிட அதிகமா வருதுன்னு பல நாட்டு ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப பார்த்திருக்காங்க. மூச்சை ஒழுங்கா வெச்சிருக்கற அம்மாக்களுக்கு இந்த ஆபத்து நல்லாவே குறைஞ்சுடுது.

இப்ப மருந்துக்கு வர்றேன். உங்க ஃபோராகார்ட்டுக்குள்ள ரெண்டு மருந்து இருக்கு, ஒண்ணு ஃபார்மோடெரால், இன்னொண்ணு புடசோனைடு. அந்த புடசோனைடுதான் மாமியார் சொல்ற ஸ்டீராய்டு. கர்ப்பிணிகள் விஷயத்துல உலகத்துலயே அதிகமா கவனிச்சு பார்க்கப்பட்ட இன்ஹேலர் ஸ்டீராய்டு அதுதான். சுவீடன்ல பிறக்கற குழந்தைகள் எல்லாத்தையும் ஒரு பதிவேட்டுல ஏத்தறாங்க, அம்மா முதல் மாசங்கள்ல என்ன மருந்து எடுத்தாங்கன்றதும் அதுல இருக்கும். ஆரம்ப கர்ப்பத்துல புடசோனைடு இன்ஹேலர் எடுத்த அம்மாக்களோட 2,014 குழந்தைகளை அதுல எடுத்து பார்த்து 1999ல முடிவை வெளியிட்டாங்க. பிறவிக் குறை இருந்தது 3.8 சதவீதம், அந்த நாட்டுல பொதுவா எல்லா குழந்தைகளுக்கும் இருந்தது 3.5 சதவீதம். கிட்டத்தட்ட ஒண்ணுதான். எந்த மருந்துமே தொடாத அம்மாவுக்கும் நூத்துக்கு மூணு வாட்டி ஏதாவது ஒரு குறை வர வாய்ப்பு இருக்குன்னு முதல்ல நாம ஏத்துக்கணும், இல்லைன்னா எது நடந்தாலும் இன்ஹேலர் தலைல பழி விழும். ஃபார்மோடெராலையும் நிறுத்தச் சொல்லி எந்த பெரிய வழிகாட்டுதலும் சொல்லலை.

உதடு பிளவு பத்தின பயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பழைய சில ஆய்வுகள்ல முதல் மூணு மாசத்துல ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவங்களோட குழந்தைகளுக்கு பிளவு கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சுச்சு. பின்னாடி வந்த ஆய்வுகள்ல அந்த தொடர்பு அவ்வளவு உறுதியா தெரியலை, அதுவும் மாத்திரையைப் பத்தின பேச்சுதான். வழக்கமான அளவுல இழுக்கற இன்ஹேலர்ல அப்படி தெரியலை. அந்த யூட்யூப்காரர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிட்டார்.

எனக்கு உண்மையிலேயே கவலை தர்ற விஷயம் உங்க கடிதத்துல வேற இடத்துல இருக்கு. இன்ஹேலரை நிறுத்திட்டு நீங்க என்ன எடுத்துட்டு இருக்கீங்கன்னு பாருங்க. டெக்ஸாமெத்தசோன் ஊசி, அதுவும் ஸ்டீராய்டுதான், நேரா ரத்தத்துல போறது, அதுலயும் நஞ்சுக்கொடியை நல்லா தாண்டற வகை. ஆஸ்துமா ரொம்ப முத்தினா நாங்க குடுக்கற பிரெட்னிசலோன் மாத்திரையை நஞ்சுக்கொடில இருக்கற ஒரு என்சைம் பெரும்பாலும் செயலிழக்க வெச்சுடும், குழந்தைக்கு போறது பத்துல ஒரு பங்குதான். டெக்ஸா அந்த காவலை தாண்டி போயிடும். குறைமாசப் பிரசவம் வரும்னு தெரிஞ்சா குழந்தையோட நுரையீரல் முதிர்றதுக்கு அம்மாவுக்கு அந்த ஊசியை போடறதுக்கு காரணமே அதுதான், குழந்தைக்கு போகணும்னுதான் போடறோம். அதை வீசிங்குக்கு ரெண்டு நாளைக்கு ஒருதடவை போட்டுக்கறது சரியான வழி இல்லைம்மா. மூச்சுக்குழாயை விரிக்கற டெரிஃபிலினும் நஞ்சுக்கொடியை தாண்டும், அளவு கொஞ்சம் கூடினாலே அம்மாவுக்கு படபடப்பு, வாந்தி, பிறந்த குழந்தைக்கும் நடுக்கம் வரலாம். உள்மூச்சுல மைக்ரோகிராம் கணக்குல போற மருந்துக்கு பயந்து, ஊசில மில்லிகிராம் கணக்குல ஏத்திக்கிட்டு இருக்கீங்க.

இந்த மைக்ரோகிராம் கணக்கை நான் எல்லா கர்ப்பிணிகளுக்கும் பேப்பர்ல போட்டு காட்டுவேன். ஆஸ்தாலின் ஒரு பஃப்ல 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் இருக்கு. அதே மருந்து மாத்திரையா 4 மில்லிகிராம்ல கிடைக்குது, அதாவது 4,000 மைக்ரோகிராம். 40 பஃப்க்கு சமமான மருந்து ஒரு குட்டி மாத்திரைல. மாத்திரை வயித்துக்கு போய், ரத்தத்துல கலந்து, உடம்பு முழுக்க சுத்தி, கடைசியா கொஞ்சூண்டு மூச்சுக்குழாய்க்கு போகும். பஃப் நேரா போக வேண்டிய இடத்துக்கு போகுது. இவ்வளவும் தெரியாம "இன்ஹேலர் ஸ்ட்ராங்கு, மாத்திரை மைல்டு"ன்னு நம்ம ஊர்ல எப்படி பதிஞ்சு போச்சுன்னு எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, நான் பார்க்கற பத்து பேர்ல பாதி பேர் இதைத்தான் சொல்லிட்டு உள்ள வர்றாங்க.

நீங்க தனி ஆள் இல்லை, அமெரிக்கால டென்னசி மாநிலத்துல மருந்துச் சீட்டுகளை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, கர்ப்பத்தோட 5லேர்ந்து 13 வாரத்துக்குள்ள ஸ்டீராய்டு இன்ஹேலர் வாங்கறது 23 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அம்மாக்கள் பயந்து நிறுத்தறது பெரும்பாலும் இந்த நேரத்துலதான்.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கர்ப்பத்துல ஆஸ்துமா மூணுல ஒருத்தருக்கு குறையும், மூணுல ஒருத்தருக்கு அப்படியே இருக்கும், மூணுல ஒருத்தருக்கு கூடும். கூடறவங்களுக்கு பெரும்பாலும் ஆறாவது மாசத்துலேர்ந்து ஒன்பதாவது மாச ஆரம்பம் வரைக்கும் தொந்தரவு குடுக்கும், கடைசி நாலு வாரம் பொதுவா அமைதியாயிடும். உங்களுக்கு 11 வாரத்துலயே ராத்திரி எழுந்திரிக்கற நிலைமை, அது கர்ப்பத்தால வந்ததைவிட மருந்து நிறுத்தினதால வந்ததுன்னுதான் எனக்கு தோணுது. இப்பவே ஆஸ்துமாவை கட்டுக்குள்ள கொண்டு வந்துட்டா அந்த கஷ்டமான மாசங்களுக்கு நல்ல நிலைமைல போய் சேருவீங்க. மாசம் ஒருதடவை மூச்சை செக் பண்ணிக்கோங்க, நல்லா இருந்தாலும் பிரசவம் முடியற வரைக்கும் அளவை குறைக்கறதை தள்ளிப் போடுங்க.

கேள்வி: மேடம், எனக்கு ஆஸ்தாலின் மட்டும்தான் இருக்கு, மூச்சு முட்டும்போது ரெண்டு பஃப், அவ்வளவுதான். தினசரி எடுக்கற இன்ஹேலர் வேண்டாம்னு நானே விட்டுட்டேன். மாசம் ஒரு டப்பா தீருது. 5ஆவது மாசம். இது போதும்தானே?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: போதாதும்மா. ஒரு ஆஸ்தாலின் டப்பால 200 பஃப் இருக்கு. வருஷத்துக்கு மூணு டப்பாவுக்கு மேல தீர்ந்தாலே அட்டாக் வர்ற ஆபத்து கூடுதுன்னு கணக்கு, பன்னெண்டுக்கு மேல போனா உயிருக்கே ஆபத்து கூடுது. நீங்க அந்த எல்லைல நிக்கறீங்க. ஆஸ்தாலின் சுருங்கின குழாயை கொஞ்ச நேரம் விரிச்சு விடும், உள்ள இருக்கற வீக்கத்தை அது தொடவே தொடாது. வீக்கத்தை குறைக்கறது ஸ்டீராய்டு இன்ஹேலர். ஜினான்னு சொல்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019லேர்ந்து எந்த பெரியவருக்கும் ஆஸ்தாலின் மாதிரி மருந்தை மட்டும் தனியா குடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு, கர்ப்பிணிக்கும் அதேதான். இந்த வாரமே டாக்டர்கிட்ட காலி டப்பாக்களை எடுத்துட்டு போய் காட்டுங்க, வாயால சொல்றதைவிட அது நல்லா புரியும்.

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மனைவிக்கு 7ஆவது மாசம், ஊர்ல அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க, நான் துபாய்ல இருக்கேன். மூச்சு வாங்குதுன்னு போன்ல சொல்றாங்க. விரல்ல மாட்டற மெஷின்ல பார்த்தா 96, 97 காட்டுது. மாசமா இருந்தா எல்லாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும்னு அத்தை சொல்றாங்க. பயப்படலாமா வேண்டாமா?
– வாசகர், துபாய்

பதில்: அத்தை சொல்றதுல பாதி உண்மை இருக்கு. புரோஜெஸ்டிரான் ஹார்மோனால கர்ப்பிணிகள் கொஞ்சம் ஆழமா மூச்சு விடுவாங்க, பாதிக்கு மேல பேருக்கு மாடி ஏறினா, சில சமயம் சும்மா உக்காந்திருக்கும்போதும் காத்து பத்தாத மாதிரி தோணும். அதுல விசில் சத்தம் இருக்காது, இருமல் இருக்காது, ராத்திரி எழுப்பி விடாது. உங்க மனைவிக்கு இழுப்பு சத்தம், நெஞ்சு இறுக்கம், ராத்திரி இருமல், இதுல எது இருந்தாலும் அது ஆஸ்துமாவா இருக்கலாம்னு எடுத்துக்கணும். பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு சின்ன குழாய் இருக்கு, அதுல ஊதினா வர்ற அளவு கர்ப்பத்தால மாறாது, அதனால அது குறைஞ்சா காரணம் கர்ப்பம் இல்லைன்னு தெளிவா சொல்லிடலாம். வாங்கி வைங்க.

விரல் மெஷினை மட்டும் நம்பாதீங்க. கர்ப்பிணிக்கு 95க்கு கீழ போகவே கூடாது, அது சரி, ஆனா 97 இருக்கும்போதே அட்டாக் நல்லா முத்தியிருக்கலாம், நம்பர் கடைசிலதான் விழும். கர்ப்பிணியோட ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு மத்தவங்களைவிட கம்மியா, 30 கிட்ட இருக்கும். மூச்சு வாங்கற கர்ப்பிணிக்கு பிளட் கேஸ் டெஸ்ட்ல அது 40னு வந்தா ரிப்போர்ட்ல "நார்மல்"னு தெரியும், எங்களுக்கு அது அவங்க களைச்சு போறாங்கன்னு எச்சரிக்கை மணி.

போன்ல நீங்க கேக்க வேண்டியது இதுதான்: ஒரே மூச்சுல ஒரு முழு வாக்கியம் பேச முடியுதா, படுக்க முடியுதா, குழந்தை அசைவு வழக்கம்போல இருக்கா. ரெண்டு வார்த்தை பேசி நிறுத்தினா, ஆஸ்தாலின் எடுத்தும் நாலு மணி நேரம் தாங்கலைன்னா, அசைவு குறைஞ்சா, 108க்கு போன் பண்ணச் சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும் ஸ்பேசர்ல (இன்ஹேலரை சொருகி இழுக்கற குழாய் டப்பா) ஒவ்வொரு பஃப்பா நாலு பஃப், அடங்கலைன்னா 20 நிமிஷம் கழிச்சு திரும்ப. அவசரத்துல இப்படி அதிகமா எடுக்கறது குழந்தையை கெடுக்காது, கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். ஆஸ்பத்திரில ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தேவைன்னு சொன்னா தடுக்காதீங்க, அந்த நேரத்துல அது ரெண்டு உயிரையும் காப்பாத்தற மருந்து.

கேள்வி: டாக்டரம்மா, மருமகளுக்கு ரெண்டாவது மாசம், இளைப்பு இருக்கு. இங்கிலீஷ் மருந்து வேண்டாம்னு ஆடாதொடை கஷாயம் வெச்சு குடுக்கலாம்னு இருக்கேன். எங்க காலத்துல அதானே குடுத்தோம். வீட்டுல தினமும் சாம்பிராணி போடுவோம், அது பரவாயில்லையா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: அம்மா, கேட்டுட்டு செய்யலாம்னு நினைச்சீங்க பாருங்க, அது ரொம்ப நல்லது. ஆடாதொடை சளிக்கு பேர் போன மூலிகைதான், ஆனா அதுல இருக்கற வாசிசின்ங்கற சத்து கர்ப்பப்பையை சுருங்க வைக்கற தன்மை உள்ளது. அதனால கர்ப்பிணிக்கு அது வேண்டவே வேண்டாம், ரெண்டாவது மாசத்துல நிச்சயமா வேண்டாம். இலை தழைதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு நினைக்கற இடத்துலதான் ஆபத்து இருக்கு. மருமகளை இன்ஹேலர் போட விடுங்க, வேற ஏதாவது கஷாயம் குடுத்தே ஆகணும்னு தோணினா சித்த மருத்துவர்கிட்ட கர்ப்பம்னு சொல்லி கேட்டுட்டு குடுங்க, இன்ஹேலருக்கு பதிலா எதையும் குடுக்காதீங்க.

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், விறகடுப்பு, நாலும் இளைப்புக்காரங்களுக்கு எதிரி. சாமி ரூம்ல விளக்கு மட்டும் ஏத்துங்க, கொசுவுக்கு வலை கட்டுங்க. இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன், குழந்தை பிறந்து தலைக்கு குளிப்பாட்டினதும் கூடையை கவுத்து சாம்பிராணி புகை காட்டற வழக்கம் நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கு. அம்மாவுக்கும் ஆஸ்துமா, குழந்தையோட நுரையீரலோ பிறந்து பத்து நாள் ஆனது. துண்டால நல்லா துவட்டி விட்டாலே தலை காஞ்சுடும்மா.

கேள்வி: எனக்கு 32 வாரம், ஆஸ்துமா இருக்கு, இப்ப பிபி 150/100 வந்திருக்கு. ஆஸ்பத்திரில பிபி மாத்திரை ஆரம்பிக்கணும்னு சொல்றாங்க. பிரசவத்தப்ப இன்ஹேலர் எடுக்கலாமா, அதனால வலி நின்னுடும்னு சொல்றாங்களே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கர்ப்பத்துல பிபிக்கு அதிகமா எழுதறது லேபெட்டலால். அது ஆஸ்துமா உள்ளவங்களுக்கு மூச்சுக்குழாயை சுருக்கிடலாம். நிஃபெடிபின், மெத்தில்டோபா மாதிரி வேற மாத்திரைகள் இருக்கு, எழுதறதுக்கு முன்னாடியே "எனக்கு ஆஸ்துமா இருக்கு, இன்ஹேலர் எடுக்கறேன்"னு நீங்க வாய் விட்டு சொல்லிடுங்க. கூட்டம் நிறைஞ்ச ஓபில டாக்டர் கேக்க மறக்கலாம், நீங்க மறக்காதீங்க. அதே மாதிரி பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு அதிகமானா போடற கார்போபுரோஸ்ட் ஊசி ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆகாது, ஆக்சிடோசின் தாராளமா போடலாம். வலி மாத்திரை, ஆஸ்பிரின் எடுத்து எப்பவாவது வீசிங் வந்திருந்தா அதையும் சொல்லணும். இதெல்லாம் பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசுகிட்ட பதிவு பண்ணும்போது குடுக்கற நம்பர்) போட்ட உங்க தாய் சேய் அட்டைல முதல் பக்கத்துல சிவப்பு மைல எழுதி வாங்கிக்கோங்க, ராத்திரி டூட்டில யார் இருந்தாலும் கண்ணுல படும்.

வலி நிக்கற பேச்சு எப்படி வந்துச்சுன்னா, முன்னாடி குறைமாசத்துல வலி வந்தா அதை தள்ளிப் போட சால்பியூட்டமால் மருந்தை டிரிப்ஸ்ல ஏத்துவாங்க. அது வேற அளவு, நேரா ரத்தத்துல போறது. நீங்க ரெண்டு பஃப் இழுக்கறதால வலி நிக்காது. பிரசவ அறைக்கு போகும்போது பையில இன்ஹேலரும் ஸ்பேசரும் இருக்கட்டும், அன்னிக்கும் வழக்கமான நேரத்துல வழக்கமான அளவை எடுங்க.

கேள்வி: குழந்தை பிறந்து 20 நாள். பால் குடுக்கறேன். புடிகார்ட் எடுத்தா பால்ல கலக்குமா? எடுத்து முடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு பால் குடுக்கணும்? இழுக்கறேன் ஆனா பலனே தெரியலை, அதையும் சொல்லுங்க.
– வாசகி, ஓசூர்

பதில்: காத்திருக்கவே வேண்டாம். புடிகார்ட்ல இருக்கறது புடசோனைடு, அது பால்ல போறது ரொம்ப ரொம்ப சின்ன அளவு, அந்த கொஞ்சத்தையும் குழந்தை முழுங்கினா வயித்துலேர்ந்து கல்லீரலுக்கு போய் பெரும்பகுதி அங்கேயே அழிஞ்சுடும். இழுத்துட்டு வாய் கொப்பளிச்சுட்டு உடனே எடுத்து பால் குடுக்கலாம்.

பலன் தெரியலைன்னா முதல்ல எடுக்கற விதத்தை பார்க்கணும். வாய்ல வெச்சு சும்மா அமுக்கினா மருந்துல பெரும்பகுதி நாக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கும், இனிப்போ கசப்போ தெரிஞ்சா அங்கதான் நின்னுடுச்சுன்னு அர்த்தம். பொடியா இழுக்க வேண்டிய ரோட்டாஹேலர் கேப்ஸ்யூலை தண்ணி ஊத்தி முழுங்கிட்டு மூணு மாசம் பலன் இல்லைன்னு வந்த ஒருத்தரை நான் பார்த்திருக்கேன், அவங்களுக்கு யாருமே இழுத்து காட்டலை. ஸ்பேசர் ஒண்ணு வாங்குங்க. டப்பாவை நல்லா குலுக்கி ஸ்பேசர்ல சொருகி, நேரா உக்காந்து, மூச்சை மெதுவா முழுசா வெளிய விட்டுட்டு, உதட்டால இறுக்கி பிடிச்சு, ஒரே ஒரு பஃப் அமுக்கி மெதுவா ஆழமா இழுக்கணும், மூக்கால இழுக்கக் கூடாது, பத்து எண்ற வரைக்கும் மூச்சை பிடிக்கணும். ரெண்டாவது பஃப்க்கு அரை நிமிஷம் விட்டு திரும்ப குலுக்கி அதே மாதிரி. முடிஞ்சதும் கொப்பளிச்சு துப்பணும், முழுங்கக் கூடாது, இல்லைன்னா வாய்ல வெள்ளை வெள்ளையா பூஞ்சை வரும். ஸ்பேசரை வாரம் ஒருதடவை சோப்பு தண்ணில ஊற வெச்சு எடுத்து தானா காய விடுங்க, துணியால துடைச்சா உள்பக்கம் மின்னூட்டம் வந்து மருந்தெல்லாம் சுவர்ல ஒட்டிக்கும். தடுப்பூசிக்கு போகும்போது கைல எடுத்துட்டு போய் அங்க இருக்கற நர்ஸ் முன்னாடி ஒருதடவை இழுத்து காட்டுங்க, தப்பு எங்கன்னு அவங்க நிமிஷத்துல பிடிச்சுடுவாங்க.